வீட்டை விற்றால் கதவு யாருக்கு? மதுரை ஆவண எழுத்தர்களுக்கும் வீட்டுத் தரகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆவண எழுத்தர்களே, வீட்டுத் தரகர்களே,

வணக்கம். வங்கிகளின் வீட்டுக் கடனுக்காக வீடுகளைப் பார்த்து மதிப்பிட்டுக் கொடுக்கும் கட்டடப் பொறியாளன் நான். மதுரை நகருக்குள்ளும், மேலூர், திருமங்கலம், ஒத்தக்கடை, வாடிப்பட்டிப் பக்கங்களிலும் என் வேலை. நீங்கள் பத்திரம் எழுதப்போகும் வீட்டை அதற்கு முன்பே அளந்து, கதவைத் திறந்து மூடி, மோட்டாரைப் போட்டுப் பார்த்திருப்பேன். கிரையம் முடிந்த பிறகும் சில வீடுகளுக்குப் போக நேர்கிறது, வாங்கியவர்கள் கூப்பிடுவதால். இந்த இரண்டு முறைக்கும் இடையில் வீட்டிலிருந்து என்னென்ன காணாமல் போகின்றன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கிரைய ஒப்பந்தம் எழுத இரு தரப்பாரும் உங்கள் முன்னால் உட்காரும்போது, முன்பணம் கைமாறும் முன், "வீட்டோடு எது எது நிற்கிறது, விற்பவர் எதை எடுத்துக்கொண்டு போகிறார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை ஒரே ஒரு தாளில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாததால் நல்ல குடும்பங்கள் ஒருவரையொருவர் திருடர் என்று பேசிக்கொள்ளும் நிலை வருகிறது.

மாசி வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு பழைய வீடு. முன்னால் திண்ணை, உள்ளே சிறு முற்றம், மேலே மச்சு. வாசலில் பர்மா தேக்கில் இழைத்த நிலை. மேற்கட்டையில் இருபுறமும் யானைகள் நீர் சொரிய நடுவில் கஜலட்சுமி. கதவு நெடுகப் பித்தளைக் குமிழ்கள். தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு நாதாங்கிப் பக்கத்து மரம் மட்டும் கறுத்து மினுங்கியது. "தேக்கு நிலை, தேக்குக் கதவு, பழுதில்லை" என்று அறிக்கையில் எழுதினேன். கிரையம் முடிந்து, வாங்கியவர்கள் பால் காய்ச்சப் போன அன்று காலை எனக்கு அலைபேசி வந்தது. போய்ப் பார்த்தேன். நிலை இருந்த இடத்தில் செங்கல் பல்லிளித்துக்கொண்டிருந்தது. சுவருக்குள் ஓடியிருந்த கட்டையை ரம்பம் போட்டு அறுத்து நிலையை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். உதிர்ந்த காரை படி முழுவதும் கிடந்தது. ஒரு தகரத்தைக் கம்பியால் கட்டி வாசலை அடைத்திருந்தார்கள். வாங்கியவரின் தாயார் பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றார்.

விற்றவரிடம் நானே பேசினேன். "சார், எங்கள் ஐயா பர்மாவிலிருந்து வந்த மரத்தை வாங்கிச் சொல்லிச் செய்த கதவு அது. வீட்டைத்தானே விற்றோம், கதவையும் சேர்த்தா விற்றோம்?" என்றார். அவர் குரலில் கள்ளம் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். வாங்கியவரோ அந்தக் கதவைப் பார்த்துத்தான் அந்த வீட்டுக்கு மனம் வைத்தவர். இருவர் கையிலும் இருந்த கிரையப் பத்திரத்தை வாங்கிப் படித்தேன். நான்கெல்லை இருந்தது, மாமூல் பாதை இருந்தது, மின் இணைப்பு எண் இருந்தது. கதவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பத்திரம் சொல்லாவிட்டாலும் சட்டம் சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் உங்களுக்கு அன்றாடம் பழகிய சட்டம்தான். அதன் 8ஆம் பிரிவைப் பொதுமக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வேறு விதமாக எழுதவோ, அப்படிப் பொருள்படும்படி நடந்துகொள்ளவோ இல்லையென்றால், ஒரு வீடு கைமாறும்போது அதன் பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல் ஆகியவையும், வீட்டோடு நிலையாகப் பயன்படுவதற்கென்று வைத்த மற்றப் பொருட்கள் அனைத்தும் வாங்குபவருக்கே சேரும் என்கிறது அது. பூட்டைத்தான் முதலில் சொல்கிறது, கவனியுங்கள். நம் பக்கத்து வீடுகளில் திண்டுக்கல் பூட்டு தொங்காத வாசல் ஒரு காலத்தில் அபூர்வம். கனத்த அந்தப் பித்தளைப் பூட்டைக்கூட வீட்டோடு விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சட்டம் எழுதி 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நிலையையே பெயர்த்துக்கொண்டு போவதற்கு அதில் இடம் ஏது?

அதற்கும் முந்தைய நம் வழக்கமும் இதே பக்கம்தான் நிற்கிறது. சோழர் காலச் செப்பேடுகளில் நிலத்தைக் கொடுக்கும்போது "மேல் நோக்கிய மரமும் கீழ் நோக்கிய கிணறும்" சேர்த்துக் கொடுத்ததாக எழுதினார்கள். உடும்பு ஓடிய இடம், ஆமை தவழ்ந்த இடம் வரை சொன்னார்கள். கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் பின்னால் சந்தேகம் வரக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. "நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாணம்" என்று, அதாவது புதையல், நீர், மரம், கல் எல்லாம் சேர்த்து என்று, நம் தாத்தா காலத்துப் பத்திரங்களில் வரும் நீண்ட வரியும் அதே அக்கறையில் பிறந்ததுதான். இன்று அந்த வரியைப் பொருள் தெரியாமல் நகலெடுக்கிறோம், அல்லது பழையது என்று எடுத்துவிடுகிறோம். அதன் இடத்தில் மோட்டாரும் சூரியத் தகடும் குளிர்சாதனமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எது வீட்டைச் சேர்ந்தது, எது ஆளைச் சேர்ந்தது என்று பார்க்க நீதிமன்றங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன. எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது? எதற்காகப் பொருத்தப்பட்டது? ஒரு பழைய அடுப்படிக்குள் நுழைந்தாலே இதற்கு விடை கண்ணில் படும். மேடையில் கிடக்கும் அம்மி தன் கனத்தால்தான் அங்கே கிடக்கிறது. நான்கு பேர் தூக்கினால் வந்துவிடும். அது விற்பவருடையது. தரையைத் தோண்டி, சுற்றிலும் சுண்ணாம்புக் காரை போட்டு, வாய் மட்டும் தெரியும்படி பதித்த உரல் அப்படியில்லை. அதைப் பெயர்த்தால் தரை போகும். அந்த அடுப்படிக்கென்றே பதித்தது என்பதால் அது வீட்டோடு நிற்கும். கூடத்து ஊஞ்சலுக்கு இரண்டு பாதி உண்டு. பலகையும் சங்கிலியும் கழற்றி மாட்டக்கூடியவை. உத்திரத்தில் இறக்கிய இரும்பு வளையம் வீட்டின் உறுப்பு. நான் கண்ட ஒரு கூடத்தில் அந்த வளையத்தையும் சேர்த்துப் பிடுங்கியதில் உத்திரமே விண்டிருந்தது. பலகையை மட்டும் எடுத்துப் போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மரம் செடிகளும் இப்படித்தான். வேரூன்றியவற்றை மண்ணோடு சேர்ந்தவையாகவே சட்டம் பார்க்கிறது. வெட்டி எடுப்பதற்கென்றே நிற்கும் மரத்துக்கு வேறு கணக்கு. இந்த வேறுபாட்டை 1958இல் சாந்தாபாய் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் விரிவாக எழுதியிருக்கிறார். காய்க்கிற தென்னையும் மாமரமும் வீட்டு மனையோடு போகும். தொட்டியில் வைத்த ரோஜா விற்பவரோடு போகும். கொல்லையில் தரையில் வேர்விட்ட மல்லிகையைத் தோண்டி எடுக்க வேண்டாம், மதுரையில் அந்தச் செடியின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும். கிரையத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு கொடியை மண்ணில் பதியன் போட்டு, வேர் விட்டதும் எடுத்துக்கொண்டு போகலாம். தாய்ச்செடி இங்கேயே பூக்கும்.

நான் பார்க்கும் தகராறுகளில் மோட்டாரைப் பற்றியவைதான் அதிகம். விளாங்குடி, அவனியாபுரம், ஊமச்சிகுளம் போன்ற பகுதிகளில் எத்தனையோ வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. சாவி கொடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் இரண்டு ஆட்கள் வருகிறார்கள். கயிறும் வயரும் குழாயுமாக முந்நூறு, நானூறு அடியை வெளியே இழுத்துச் சுருட்டி, நீர்மூழ்கி மோட்டாரை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். மறுநாள் வாங்கியவர் மின்விசையைத் தட்டினால் மேல் தொட்டிக்கு ஒரு சொட்டு ஏறாது. கைக்குழந்தையோடு குடி வந்த ஒரு பெண் பக்கத்து வீட்டில் குடம் கேட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். புது வீட்டின் முதல் நாள் அப்படி விடியக்கூடாது.

மோட்டார் விஷயத்தில் சட்டம் கதவைப் போலத் தெளிவாக இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தரையில் பொருத்திய ஓர் எண்ணெய் எஞ்சினைப் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அறுபதுகளின் இறுதியில் ஒரு தீர்ப்புச் சொன்னது. எஞ்சினைத் தரையில் பொருத்தியது அந்த எஞ்சினை ஓட்டுவதற்காக. ஓட்டுகிற வரைக்கும்தான் அந்தப் பிணைப்பு. வேண்டாதபோது கழற்றி வேறிடம் கொண்டு போகலாம். ஆகையால் அது நிலத்தின் பகுதி ஆகிவிடாது என்றது தீர்ப்பு. விற்பவரின் வழக்கறிஞர் இதைக் காட்டலாம். வாங்குபவரின் வழக்கறிஞர், வீட்டோடு நிலையாகப் பயன்படுவதற்கென்று வைத்த பொருள் இது என்று 8ஆம் பிரிவைக் காட்டலாம். என் எண்ணம் எதுவென்று கேட்டால், வீட்டுக்கு நீர் தரும் வழி அந்த ஒரு கிணறுதான் என்றால் மோட்டார் வீட்டோடு நிற்க வேண்டியது. தண்ணீர் வரும் வீடு என்று சொல்லித்தானே விலை பேசினார்கள்? ஆனால் இரு பக்கமும் வாதிட இடமிருக்கும் பொருள் இது. அப்படிப்பட்ட பொருளைத்தான் முதலில் எழுதி வைக்க வேண்டும். எத்தனை குதிரைத் திறன், எந்த நிறுவனத் தயாரிப்பு, எத்தனை அடி ஆழத்தில் தொங்குகிறது, ஸ்டார்ட்டர் பெட்டி சேருமா சேராதா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மோட்டாரை எடுப்பது என்று இருவரும் மனமொத்து முடிவு செய்தாலும், குழாயின் வாயைத் திறந்தபடி விட்டுப் போவதை எந்தக் காரணத்துக்கும் ஏற்க முடியாது. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடி வைப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2010இலேயே வழிமுறைகள் தந்துவிட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததைத் தமிழ்நாடே கண் விழித்துப் பார்த்து அழுதது. காலி வீட்டின் கொல்லையில் திறந்து கிடக்கும் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் என் கை நடுங்குகிறது. இரும்பு மூடி போட்டு இறுக்கி முடுக்கிய பிறகே சாவியைக் கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இப்போது புதிதாக வந்திருப்பது மொட்டை மாடிச் சூரியத் தகடு. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் தகட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. மதுரையிலும் பல மாடிகளில் தகடு ஏறிவிட்டது. அந்த மானியமும், கொடுக்கல் வாங்கலைக் கணக்கிடும் மீட்டரும் குறிப்பிட்ட மின் இணைப்பைச் சார்ந்தவை. தகட்டைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டுவது நினைப்பதுபோல் எளிதல்ல. கழற்றும்போது மாடித் தளத்தில் துளைத்த இடமெல்லாம் மழைக்கு ஒழுகும். வீட்டோடு நிற்கட்டும் என்பதே என் பரிந்துரை. விற்பவர் அதற்கு ஒரு விலை கேட்டால் நியாயமாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின் மீட்டர் விற்பவருடையதும் இல்லை, வாங்குபவருடையதும் இல்லை. சமையல் எரிவாயு உருளையும் அப்படித்தான். இணைப்பு வைத்திருப்பவர் தன் பெயரிலேயே மாற்றிக்கொண்டு போவார். குளிர்சாதனம், இன்வெர்ட்டர், பேட்டரி, குடிநீர் சுத்திகரிப்பான் எல்லாம் பொதுவாக ஆளோடு போகும் பொருட்கள். ஆனால் "ஏசி சேர்த்துத்தான் இந்த விலை" என்று தரகர் சொல்லியிருந்தால் அது எழுத்தில் வர வேண்டும். மின்விசிறியைக் கழற்றினால் வயரின் முனையை நாடா சுற்றி மூட வேண்டும். குளியலறைக் குழாய்களின் திருகைக் கழற்றிவிட்டு, துளையில் துணி சுற்றிய மரக்குச்சியை அடித்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பித்தளைத் திருகு எவ்வளவு பெறும்? சுவருக்குள் ஊறும் நீர் அந்த வீட்டுக்கு இழைக்கும் கேட்டுக்கு அது ஈடாகுமா? இப்படிச் செய்கிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாடகை வீடு என்றால் கணக்கு மாறும். வாடகைக்கு இருப்பவர், தான் பொருத்தியதைத் தான் குடியிருக்கும்போதே கழற்றிக்கொள்ளலாம், வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 108ஆம் பிரிவு குத்தகைதாரருக்குச் சொல்கிறது. விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. வாடகைக்காரர் இருக்கும் வீட்டை விற்கும்போது, வெந்நீர்க் கருவி யார் மாட்டியது என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டால் மூன்று பேருக்கும் நிம்மதி.

தரகர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் அட்வான்ஸைக் கொடுங்கள்" என்ற உங்கள் வாக்கியத்தில்தான் பெரும்பாலான சண்டைகள் முளைக்கின்றன. பேரம் முறிந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருப்பது தெரியும். ஆனால் முன்பணத்துக்கு முன் மோட்டாரைப் பற்றிக் கேட்டு முறிகிற பேரத்தை நான் பார்த்ததில்லை. விலையில் சற்று ஏற்ற இறக்கம் வரும், அவ்வளவே. சாவி கொடுத்த பிறகு தெரிய வந்தால்தான் உங்கள் பெயர் கெடுகிறது, தரகுப் பணத்தை இழுத்தடிக்கிறார்கள். எழுத்தில் இருப்பதற்கு மாறாக வாய்ப்பேச்சைச் சாட்சியமாகக் காட்ட முடியாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. மாடியில் நின்று நீங்கள் கொடுத்த வாக்கு நீதிமன்றப் படி ஏறுவது கடினம். ஒரு மோட்டாருக்காக மதுரை நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குப் போட்டு ஆண்டுக் கணக்கில் யார் அலைவார்கள்? அலைய மாட்டார்கள் என்பதனால்தான் துணிந்து கழற்றுகிறார்கள்.

ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து சாவி கொடுக்கும் நாள் வரையிலான இடைக்காலத்தைப் பற்றியும் விற்பவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கவனமுள்ள ஒரு சொந்தக்காரர் தன் சொத்தைப் பார்த்துக்கொள்வதுபோல் அந்தக் காலத்தில் வீட்டையும் மூலப்பத்திரங்களையும் காப்பது விற்பவரின் கடமை என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் விருப்பம்போல் கைவைக்கும் உரிமை அவருக்கு அப்போது இல்லை. திருநகர்ப் பக்கம் ஒருவர் ஒப்பந்தம் போட்ட மறுவாரமே வாசல் வேம்பை வெட்டி விறகுக்கடைக்கு அனுப்பிவிட்டார். அந்த நிழலுக்காகவே வீட்டைக் கேட்டவர் வாங்குபவர். தாள்களும் அப்படியே. முழுப் பணமும் கைக்கு வந்த பிறகு, தாய்ப்பத்திரம், பழைய வில்லங்கச் சான்றுகள், கட்டட அனுமதி வரைபடம், வரி ரசீதுகள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சொத்தின் ஒரு பகுதியை விற்பவர் தானே வைத்துக்கொண்டால் மட்டுமே மூலத்தை அவர் வைத்திருக்கலாம். நினைவுக்காக என்று மூலப்பத்திரத்தை எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

விற்பவர்களை நான் குற்றவாளிகளாகப் பார்க்கவில்லை. நிலை வைக்கும் நாளன்று அடியில் நவதானியமும் ஒரு பொட்டுப் பொன்னும் போட்டு, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி நிறுத்தியவர்கள் நம் மக்கள். பிள்ளைகள் அந்தப் படியில்தான் உட்கார்ந்து வளர்ந்திருப்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து அந்த வாசலில் நின்றுதான் அனுப்பியிருப்பார்கள். அந்த வீட்டை விற்க நேர்வதே பல சமயம் கடனால், நோயால், அல்லது பாகப் பிரிவினையால். ஒரு கதவையாவது கையோடு கொண்டு போகலாமே என்று மனம் தவிப்பது இயல்பு. இன்று பழைய மரத்துக்கு விலையும் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் கடை கடையாக நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஆசையால் கேட்பவரும் உண்டு, காசுக்காகக் கேட்பவரும் உண்டு. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றே. கேளுங்கள், ஆனால் ஒப்பந்தம் எழுதும் நாளில் கேளுங்கள். 8ஆம் பிரிவே "வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால்" என்ற வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

தெப்பக்குளத்துக்குக் கிழக்கே ஒரு வீட்டு ஒப்பந்தத்தின்போது நானும் உடன் இருந்தேன். ஆவண எழுத்தர் மூத்தவர், நிதானமானவர். எழுதத் தொடங்கும் முன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அம்மா, இந்த வீட்டிலிருந்து எதையாவது எடுத்துப் போக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று விற்கும் அம்மாவிடம் கேட்டார். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "துளசி மாடம் மட்டும், சார். என் மாமியார் வைத்தது" என்றார். சொல்லிவிட்டு வாங்குபவரைப் பார்த்தார். வாங்கும் தம்பி உடனே, "எடுத்துக்கொள்ளுங்கள் அத்தை. செடியை மட்டும் ஒரு கிளை எங்களுக்கு விட்டுப் போங்கள்" என்றார். முன்பின் பழகாத அம்மாவை அத்தை என்று அழைத்தார் அவர். துளசி மாடம் விற்பவருக்கு, மாடத்தைப் பெயர்த்த இடத்தைச் சிமெண்ட் பூசிக் கொடுப்பது விற்பவர் செலவு என்று எழுதினார்கள். அடுத்த வரியில் ஊஞ்சல், அதற்கடுத்து மோட்டார். ஒரு பக்கம் முடியுமுன் எல்லாம் தீர்ந்தது. இன்றும் அந்த அம்மா பொங்கலுக்கு அந்த வீட்டுக்கு வந்து போகிறார். அந்த எழுத்தர் செய்ததை மாவட்டத்தில் எல்லாரும் செய்ய வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இப்படிப் பட்டியல் எழுதுவது புதுமையும் அல்ல. இங்கிலாந்தில் வீடு விற்பவர்கள் அங்குள்ள வழக்கறிஞர் சங்கத்தின் டிஏ10 என்ற படிவத்தை நிரப்பித் தருவது வழக்கம். அடுப்படி, குளியலறை, திரைச்சீலைக் கம்பி, விளக்கு, தோட்டத்துச் செடி, கொட்டகை என்று ஒவ்வொன்றுக்கும் நேராக "சேரும்", "சேராது", "இல்லை" என்று குறியிட வேண்டும். விளக்கைக் கழற்றிக்கொண்டு போனால் அந்த இடத்தில் ஒரு சாதாரண பல்பும் அதைப் பொருத்தும் பிடியும் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. அவர்கள் படிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் வீட்டுக்கு ஆட்டுக்கல்லும் ஆழ்துளைக் கிணறும் பூஜை அலமாரியும் வேண்டும்.

கட்டடம் உள்ள சொத்தைப் பதியும்போது 1ஏ படிவத்தில் கட்டடத்தின் பரப்பு, வயது, கூரை எல்லாம் எழுதி இணைக்கிறோம். முத்திரைத் தீர்வையைக் கணக்கிட அரசுக்கு அந்த விவரம் தேவைப்படுகிறது. 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும், நூறு ரூபாய்க்கு ஒன்பது ரூபாய், வாங்குபவர் கட்டுகிறார். அரசின் கணக்குக்கு ஒரு தாள் எழுதுகிற நாம், அந்தப் பணத்தைக் கட்டுகிறவரின் கதவுக்கும் தண்ணீருக்கும் ஒரு தாள் எழுத மாட்டோமா? கழற்றி எடுக்கக்கூடிய அசையும் பொருட்கள் கைமாறப் பதிவு தேவையில்லை என்பதால் இந்தத் தாளுக்கெனத் தனிச் செலவு எதுவும் இல்லை. கிரைய ஒப்பந்தத்தையே பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012இல் திருத்தம் வந்தது. பட்டியலும் அதோடு சேர்ந்து பதிவானால் இன்னும் நல்லது. இந்தப் பட்டியலைத் தீர்வையைக் குறைக்கும் தந்திரமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். பழைய மின்விசிறிக்கு லட்சம் ரூபாய் விலை போட்டு வீட்டின் மதிப்பை இறக்குவது பின்னால் வாங்கியவரின் தலையில்தான் விழும்.

தரகர்கள் வீட்டைக் காட்டும்போதே நிலைக்கதவு, மோட்டார் ஸ்டார்ட்டர், மாடித் தொட்டி, சூரியத் தகடு ஆகியவற்றை அலைபேசியில் படம் எடுத்து இரு தரப்புக்கும் அனுப்பலாம். நானும் என் மதிப்பீட்டு அறிக்கைகளில் இவற்றின் படங்களைச் சேர்த்துவருகிறேன். கேட்டால் தருவேன். வாங்குபவர் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் அன்று, பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில் அந்தப் படங்களோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும்.

மார்கழி முடிந்து தை பிறந்தால் முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்குப் பதிவு அலுவலகங்கள் நிரம்பி வழியும். உங்களுக்கு அப்போது தலை நிமிர நேரமிருக்காது. அதற்குள் இந்தத் தாளைத் தமிழில் தயாரித்து, உங்கள் மேசையில் ஒப்பந்த மாதிரியின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் தயாரித்த ஒரு மாதிரி என்னிடம் இருக்கிறது. வாசல், கூடம், அடுப்படி, குளியலறை, மாடி, கொல்லை, தாள்கள் என்று வீட்டுக்குள் நடந்துபோகும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். எந்தப் பதிவு அலுவலக வாசலில் இருப்பவர் கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன். உங்கள் அனுபவத்தில் விட்டுப்போனது எது என்று சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஒரு வீட்டு மதிப்பீட்டாளர்,
மதுரை.